தறியில் முகூர்த்தச் சேலை

தனகோடி கத்தரிக்கோலை எடுத்து, தறியில் கிடந்த அரக்குப் பட்டின் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நீங்க எழுதிக் குடுத்தாத்தாங்க இதைத் தொடுவேன்.”

வக்கீல் ஜெயச்சந்திரனுக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. சேலையை அறுத்து மடித்துக் கொடுப்பதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டு ஆரணியிலிருந்து காரை எடுத்து வந்திருந்தார். மகள் ரேணுகாம்பாளும் கூடவே வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள். நாளை மறுநாள் அவளுக்குக் கல்யாணம்.

“என்னய்யா எழுதணும்?”

“இந்த வூட்ட வுட்டு எங்களக் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்னு. தறிக்குழி வெட்டி ஒக்காந்த எடங்க. தறியத் தூக்கிக்கினு நாங்க எங்க போவோம்?”

வீடு வக்கீலுடையதுதான். போன வருஷம் வாங்கியது. இடித்துவிட்டு நெல் குடோன் கட்ட நினைத்திருந்தார். நோட்டீஸ் அனுப்பிய அன்று, மகளின் முகூர்த்தச் சேலை அதே வீட்டுத் தறியில் இருப்பது அவர் ஞாபகத்துக்கே வரவில்லை.

“கூலி பத்தலன்னா சொல்லு, சேத்துத் தரேன்.”

“பேசின கூலியே போதுங்க.”

அங்கேதான் அவருக்குச் சந்தேகம் பிடித்தது. காசு வேண்டாம் என்கிறவனுக்குப் பின்னால் வேறு யாரோ இருக்கிறார்கள். இத்தனை நாளில் எதிரே நின்று ஒரு வார்த்தை பேசாத மனிதன், சரியாக முகூர்த்தத்துக்கு முன்னால் மடக்குகிறான் என்றால் இது இவன் மூளையில்லை.

“யாரு சொல்லிக் குடுத்தாங்க? நெசவாளர் சங்கத்துத் தங்கவேலா?”

“யாரும் சொல்லலீங்க.”

“அப்ப எவனாவது வக்கீலைப் பாத்தியா?”

“எனக்குத் தெரிஞ்ச வக்கீல் நீங்க ஒருத்தர்தாங்க.”

நக்கலா, நிஜமா? ஜெயச்சந்திரன் அவர் முகத்தையே பார்த்தார். பிடி கிடைக்கவில்லை. மூலையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்த ராஜம்மாள் தலை நிமிராமல் இருந்தாள். புருஷனைத் தூண்டிவிட்டது இவளோ? பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்து மறைந்தது. தெருவே சேர்ந்து செய்கிற வேலையோ?

வெளியே போய் வேறு சேலை வாங்கிவிடலாம். ஆரணியில் பட்டுக்கா பஞ்சம்? ஆனால் இந்த நிறத்தையும் கரையையும் சொல்லி அனுப்பியது வேலூர் சம்பந்தியம்மாள். சேலை மாறினால் ஆயிரம் கேள்வி வரும். ஏற்கெனவே, ரேணுகாவின் அம்மா சோறு தண்ணி இல்லாமல் படுத்த பிறகுதான் பெண் இந்தக் கல்யாணத்துக்கு ஒருவழியாகச் சரி என்று தலையாட்டியிருந்தாள். இப்போது போய் எதையும் கிளற முடியாது.

“ஜல்தியா முடிச்சா உங்களுக்குத்தாங்க நல்லது,” என்றார் தனகோடி. ஆனாலும் கத்தரிக்கோலை எடுக்கவில்லை.

“சரி, பேப்பர் குடு.”

“அப்பா…” என்றாள் ரேணுகா.

“நீ சும்மா இரும்மா.”

தறிப் பலகையின் மேலேயே வைத்து வக்கீல் எழுதினார். தானாகவே இன்னும் இரண்டு வரி தாராளமாகச் சேர்த்து, வாசித்துக் காட்டி, கையெழுத்தும் போட்டார். உள்ளுக்குள் அவருக்குச் சிரிப்பு வந்தது.

தனகோடி தாளை இரண்டு கையாலும் வாங்கி மனைவியிடம் கொடுத்தார். பிறகு குனிந்து சேலையை அறுத்தார். ராஜம்மாள் அதை மடித்து, மஞ்சள் குங்குமத்தோடு ரேணுகாவின் கையில் வைத்தாள்.

“எங்களுக்கு வேற வழி தெரியலம்மா. மனசுல வெச்சிக்காத. நல்லா இரு.”

ரேணுகா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடாமல் நின்றாள். வக்கீல் அதையும் கவனித்தார். நம்ம பெண்ணையும் கைக்குள் போட்டுவிட்டார்களோ என்று மனதில் ஓடியது.

கார் தெரு முனையைத் திரும்பியதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“பாவம், பேப்பர சாமிப் படத்துக்குப் பின்னால வெச்சிக்கினு இருப்பான்.”

“நீங்க எழுதிக் குடுத்தீங்களேப்பா. இனிமே அவங்களக் காலி பண்ண முடியாது இல்ல?”

“தாராளமா முடியும். கல்யாணம் முடியட்டும், மொத வேலை அதுதான்.”

“கையெழுத்துப் போட்டிருக்கீங்க…”

“போட்டா? கழுத்தப் புடிச்சி வாங்கின கையெழுத்தும்மா அது. மனசார ஒத்துக்கினாத்தான் அதுக்குப் பேரு சம்மதம். ஒருத்தன நெருக்கி, தப்பிக்க வழியில்லாமப் பண்ணி, வாயால சரின்னு சொல்ல வெச்சா, சட்டம் அதைச் சம்மதமாவே எடுத்துக்காது. வேணாம்னு நான் சொன்னா அதோட முடிஞ்சது.”

“யாரு நெருக்கினாலும் அப்படித்தானா?”

“யாரா இருந்தா என்ன? பெத்தவனே நெருக்கி வாங்கினாலும் சட்டம் ஒண்ணுதான்.”

ரேணுகா மடியிலிருந்த சேலையை எடுத்து, இருவருக்கும் நடுவில் சீட்டின் மேல் வைத்தாள்.

“அப்படின்னா, நான் சரின்னு சொன்னதும் செல்லாதுதானேப்பா?”