தலைகீழாய்த் தொங்கும் மனிதன்

நிச்சயத்தன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மனைவி கோமளம், மகள் நிறைமதி, பிள்ளை வீட்டுத் தில்லைநாயகம், அவர் மகன் ஆதவன். தாம்பூலம் மாற்றுமுன் பெண்ணுக்குக் குறி பார்க்க ஒரு டாரட் சீட்டு எடுப்பது இப்போதைய வழக்கம். சுவரிலிருந்த கருவி எடுத்துக் காட்டியது: தலைகீழாய்த் தொங்கும் மனிதன். "இந்தப் பெண் பொறுமையாகக் காத்திருப்பாள்" என்று பலனும் சொன்னது.

தில்லைநாயகம் சிரித்தார். "அப்ப தம்பி தாலியக் கட்டிட்டு நிலாவுக்கு வேலைக்குப் போகட்டும். ஒன்பது வருஷந்தானே, மருமக காத்திருப்பா."

நிறைமதி சீட்டைப் பார்த்தாள். "தொங்குறது ஆம்பளைதானே மாமா? அவரே காத்திருக்கட்டும். நிலாவுக்கு நான் போயிட்டு வரேன்."

"பொண்ணுக்கு வாய் நீளம்" என்றார் என்னிடம்.

"எங்க வீட்ல எல்லாருக்கும் அப்படித்தான்" என்று தாம்பூலத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

சீட்டின் பலனுக்குப் பயந்து மாப்பிள்ளை வீட்டார் விலகியதாக ஊரில் பேசுகிறார்கள். தவறு. சம்பந்தம் வேண்டாமென்றவர்கள் நாங்கள்.