அடுத்தவர் குடும்பத்தைக் காட்டிய பாயிண்டர்

“ஸொஹ்ராவா? யார் அந்த ஸொஹ்ரா?”

மணப்பெண் வஹீதா போட்ட சத்தத்தில், தூனிஸுக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன நகராட்சி அலுவலகமே திரும்பிப் பார்த்தது. வெள்ளிக்கிழமை கல்யாணம். கூஸ்கூஸ் விருந்துக்கு ஆடுகூடச் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளை மொன்ஸெஃபின் குடும்ப விவரச் சான்றிதழ் வாங்க வந்தால், ‘மனைவி: ஸொஹ்ரா’ என்று அச்சாகி வந்திருக்கிறது!

“சத்தியமா அப்படி ஒருத்தியை நான் கனவுலகூடப் பார்த்ததில்ல!” மொன்ஸெஃப் பதறியதில், ஊர் வழக்கப்படி காதில் செருகியிருந்த மல்லிச் செண்டு கீழே விழுந்தது. “கம்ப்யூட்டர் பொய் சொல்லுது!”

தலைமை எழுத்தர் முக்தார், கம்ப்யூட்டர் முன் இருந்த சிஹெமை முறைத்தார். “நீ எழுதின புரோகிராம்தானே? இன்னிக்குச் சரியாகலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

சிஹெமுக்கு வியர்த்துவிட்டது. வரி வரியாகத் தேடினாள். கால் மணி நேரத்தில் முகம் மலர்ந்தது.

“அண்ணே, தப்பு என்னோடதுதான். ஆளுக்கொரு குடும்ப ஸ்ட்ரக்சர் வச்சிருக்கேன். மனைவி, பிள்ளைங்க விவரமெல்லாம் அதுக்குள்ளதான். பாயிண்டர்ங்கறது அது இருக்கிற விலாசம். உங்க பாயிண்டர் அடுத்தவர் குடும்பத்தைக் காட்டுது. ஸொஹ்ரா, செருப்புக் கடை லஸ்ஹரோட சம்சாரம்!”

வஹீதாவுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. “ஐயோ, உங்களை என்ன பேச்சுப் பேசிட்டேன்!”

“இதோ, உங்க ஸ்ட்ரக்சரையே காட்டற மாதிரி மாத்திடறேன்,” என்றாள் சிஹெம்.

“எதுக்கும்மா அவ்வளவு சிரமம்? அந்த ஸொஹ்ராங்கற பேரை மட்டும் அழிச்சிட்டு அச்சடிச்சுக் குடு, போதும்,” என்றான் மொன்ஸெஃப்.

“நல்லா இருக்கே! இப்போ ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்ட்ரக்சர் அண்ணே. இங்க அழிச்சா அங்க லஸ்ஹர் பொண்டாட்டி இல்லாம நிப்பாரு.”

“நிக்கட்டுமே!”

முக்தார்கூடச் சிரித்துவிட்டார். இவ்வளவு நடந்தும் தன்மேல் எரிந்து விழாத மனுஷன் என்று சிஹெமுக்கு மொன்ஸெஃப்மேல் மதிப்புக் கூடியது.

“வேண்டாம், ஒழுங்காவே மாத்துங்க. கல்யாண விஷயம்,” என்றாள் வஹீதா.

ஒரே வரி. சிஹெம் மாற்றினாள். பிரிண்டர் கிறீச்சிட்டது.

“வண்டியைப் பூட்டாம வந்துட்டேன். இதோ வர்றேன்,” என்று மொன்ஸெஃப் வெளியே போனான்.

சிஹெம் தாளை உருவிப் பெருமையோடு நீட்டினாள். வஹீதா வாங்கிப் படித்தாள். ஸொஹ்ரா அடியோடு மறைந்திருந்தாள்.

அந்த இடத்தில், ‘மனைவி: மப்ரூக்கா. பிள்ளைகள்: மூன்று’ என்று இருந்தது.