தலைவர் கேட்ட பட்டன்

"தோத்ததை மறைக்க ஒரு பட்டன் வேணுமாம் தலைவருக்கு!"

ரெக்ஸ் சொன்னதைக் கேட்டுத் துர்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இருவரும் சேர்ந்து சாரம் பகுதியில் ஒரு மாடியறை பிடித்து ஆரம்பித்த கம்பெனிக்கு இதுதான் முதல் வேலை. பெத்தாங்க் குழுவுக்கு வெப்சைட். இரும்புக் குண்டை வீசி, தூரத்தில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் யார் போடுகிறார் என்று பார்க்கும் ஆட்டம். பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ வருஷமாச்சு, ஆட்டம் மட்டும் நம்ம ஊரை விட்டுப் போகிற வழியாக இல்லை.

லாகின் செய்தால் ஆளுக்கேற்ற பக்கம் திறக்கும். நடுவர் ஸ்கோர் ஏற்றலாம். ஆட்டக்காரர் தன் ஆட்டங்களைப் பார்க்கலாம். வெளியூரில் இருக்கும் சொந்தபந்தம் பார்வையாளராக வந்து தரவரிசையைப் பார்க்கலாம். எல்லாம் முடிகிற நேரத்தில்தான் தலைவர் தனிஸ்லாஸ் அந்த பட்டனைக் கேட்டார்.

"என் பேரைக் காட்டணுமா வேணாமான்னு நான்தான் முடிவு பண்ணணும் தம்பி. ஆஃப் பண்ணிட்டா, பார்வையாளருக்கு அந்தப் பேரே தெரியக் கூடாது. எல்லாருக்கும் அப்படியே வெச்சுடு."

"குண்டு ஆட்டத்துல இன்னா சார் ரகசியம்?"

"சொன்னதைச் செய்ப்பா. மெர்சி!" என்று பிரெஞ்சிலேயே நன்றி சொல்லி முடித்தார்.

செய்து கொடுத்தார்கள்.

திறப்பு விழா அன்று மைதானத்தில் கால் வைத்ததுமே கலியமூர்த்தி ரெக்ஸை ஓரமாகக் கூட்டிப்போனார். குழுவின் பழைய ஆட்டக்காரர். வலது கை அசைவில்லாமல் துவண்டு தொங்கியது.

"தம்பி, பட்டியல்ல என் பேரு முதல்ல வர்ற மாதிரி பண்ண முடியுமா?"

ரெக்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வாதம் வந்து வலது கை விளங்காம போச்சுப்பா. இடது கையாலதான் ஆடறேன். பிரான்ஸ்ல கட்டிக்குடுத்த பொண்ணு சந்திரகலா, 'விழுந்து கிழுந்து வெச்சா யாரு பாக்குறது, ஆடுனது போதும்'னு ஒரே பிடிவாதம். நான்தாம்மா இங்க ஃபர்ஸ்ட்டுன்னு அடிச்சு விட்டுட்டேன். இன்னைக்கு லாகின் பண்ணிப் பாக்கப்போறா. பொய்யின்னு தெரிஞ்சா மைதானத்துப் பக்கமே விடமாட்டா."

"மன்னிச்சுக்குங்க ஐயா. நடுவர் ஏத்துன ஸ்கோரை யாராலயும் மாத்த முடியாது. அப்படித்தான் செஞ்சிருக்கோம்."

தலையாட்டிவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ரெக்ஸுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக முதல் வேலையிலேயே தில்லுமுல்லா?

சாயங்காலம் பெரிய டிவியில் பார்வையாளர் பக்கத்தைத் திறந்து வைத்தாள் துர்கா. தேங்காய் உடைத்தார்கள். நடுவர் விஜயராகவன் ஸ்கோரை ஏற்றினார். தரவரிசை வந்து விழுந்தது. மைதானமே விசிலடித்தது!

முதல் பெயர் தனிஸ்லாஸ். கலியமூர்த்தி ஆறாவது. அவருக்குக் கீழே இரண்டே இரண்டு பேர்.

"இவர்தான் ஃபர்ஸ்ட்டா? அப்புறம் எதுக்கு மறைக்கிற பட்டன் கேட்டாரு?" என்று துர்கா கிசுகிசுத்தாள்.

சொல்லி வாய் மூடவில்லை, தனிஸ்லாஸ் பெயர் காணாமல் போனது.

அடுத்து இரண்டாவது பெயர். அடுத்து மூன்றாவது.

"போச்சு துர்கா! சைட் ஊத்திக்கிச்சு! மொதல் வேலை, ஊரே பாக்குது!"

துர்கா லேப்டாப்பைத் தட்டு தட்டென்று தட்டினாள். அதற்குள் இன்னும் இரண்டு பெயர்கள் போய்விட்டன. கீழே இருந்தவர்கள் மேலே ஏறி வந்தார்கள். அதோடு நின்றது.

"டேய், சைட்ல ஒண்ணும் கோளாறில்ல. அவங்கவங்களே ஆஃப் பண்றாங்கடா!"

ரெக்ஸ் திரும்பிப் பார்த்தான். மைதானத்து ஓரத்தில் ஐந்து பெரிய மனிதர்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குக் கிட்ட வைத்து, ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருந்தார்கள்.

"போயிடுச்சாடா என் பேரு?"

"போயிடுச்சு, போயிடுச்சு. திரும்பத் தொட்டுத் தொலைக்காத!"

"நாங்களும் ஆஃப் பண்ணட்டுமா?" என்று கடைசி இடத்துக்காரர்கள் இருவரும் ஆர்வமாகக் கேட்டார்கள்.

"நீங்க கம்முனு இருங்க. எல்லாரும் மறைஞ்சிட்டா அவன் யாரை ஜெயிச்சான்னு கேக்க மாட்டாளா?" என்று அதட்டினார் தனிஸ்லாஸ்.

டிவியில் மூன்றே பெயர்கள். முதலில், கலியமூர்த்தி.

அவருடைய போன் அடித்தது. வீடியோ கால்.

"அப்பா! நெசமாவே நீங்கதான் ஃபர்ஸ்ட்டு!" சந்திரகலாவின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. "இடது கையாலயாப்பா? நான் நம்பவே இல்லப்பா! சரி, ஆடுங்க. தண்ணி பாட்டில் மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போங்க."

மறுபடி விசில். கலியமூர்த்தி போனை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐந்து பேரையும் தேடினார். ஐந்து பேரும் மரத்தில் ஏதோ காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரெக்ஸ் கூச்சத்தோடு தலைவரிடம் போனான்.

"சார், தோத்ததை மறைக்கத்தான் நீங்க பட்டன் கேட்டீங்கன்னு நெனைச்சேன்."

தனிஸ்லாஸ் அவன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"அதுக்கு எதுக்குத் தம்பி பட்டன்? தோத்ததை மறைக்க வாயே போதும், கலியமூர்த்தி மறைக்கலையா? ஜெயிச்சதை மறைக்கத்தான் எங்களுக்கு பட்டன் வேண்டியிருக்கு!"