ஒன்பது வருடத் தங்கை

“இதுலயும் தங்கச்சின்னுதான் போட்டிருக்கு” என்றாள் அதிகாரி, பதினேழாவது தாளையும் புரட்டிப் போட்டபடி.

வாடகை ஒப்பந்தம். மின் இணைப்பு. இதோ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற குட்டச்சிக்குக் குடல்வால் ஆப்பரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவம். எல்லாவற்றிலும் உறவுமுறை என்ற கட்டத்துக்குள் தங்கை, தங்கை, தங்கை.

எல்லாம் என் கையெழுத்து.

வேறு யாராவது எழுதியிருந்தால் அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே முப்பத்தாறு வயதில். சலவைக்கூடத்தில் ஈரத்துணி மூட்டை தூக்குகிறவளுக்கு அதற்கு முன்னால் நேரம் ஏது? கற்றுக்கொண்ட ஜோரில், வீட்டுக்கு வரும் எந்தத் தாளையும் குட்டச்சியைத் தொடவிட்டதில்லை. நானே உட்கார்ந்து கட்டம் கட்டமாக நிரப்புவேன். அக்கா தங்கச்சி என்றால்தான் இரண்டு பொம்பளைகளுக்கு வீடு கொடுப்பார்கள். அப்படிச் சொன்னால்தான் ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கம் விடுவார்கள்.

இப்போது, நீங்கள் ஜோடியாக வாழ்ந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்கிறார்கள். அத்தாட்சிக்கு எங்கே போவது? இருக்கிறது இதுதான்.

இரண்டு பெண்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். அமலுக்கு வர இன்னும் பதினொரு வாரம். குட்டச்சி வெளிநாட்டுக்காரி. அவள் இங்கே தங்குவதற்கான அனுமதி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இன்று செவ்வாய். ஒருமுறை வெளியே போனால் திரும்ப வர எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டால், ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஜோடி என்று நிரூபித்தால் சட்டம் வரும்வரை இருக்கவிடுவார்களாம்.

அதற்கு நான்காவது தடவையாக வந்திருக்கிறோம். முதல் தடவை போட்டோ அளவு சரியில்லை. இரண்டாவது தடவை நீல மையில் எழுதிவிட்டேன். மூன்றாவது தடவை அவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அதிகாரி சின்ன வயதுக்காரி. சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள்.

“எழுதினது உண்மைன்னா நீங்க ஜோடி இல்ல, மனு தள்ளுபடி. பொய்ன்னா, பொய்த் தகவல் குடுத்ததுக்கு எழுதினவங்க மேல கேஸ். வேலையும் போகலாம். ரெண்டு பேரும் தனித்தனியா எழுதிக் குடுங்க.”

குட்டச்சியைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்கள். போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். எல்லாம் புரிந்தவளைப் போல நானும் தலையை ஆட்டினேன்.

நான் எழுதினேன்: அத்தனையும் பொய். எழுதினது நான். இவள் என் தங்கை இல்லை. என்னோடு குடித்தனம் நடத்துகிறவள். கேஸ் போடுவதென்றால் போட்டுக்கொள்ளுங்கள். இவளை மட்டும் அனுப்பாதீர்கள்.

வேலை போனால் போகட்டும். மூட்டை தூக்க வேறு இடமா கிடைக்காது?

கொஞ்ச நேரத்தில் குட்டச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அதிகாரி இரண்டு தாள்களையும் ஒட்டினாற்போல் மேசையில் வைத்தாள். குட்டச்சியின் தாளை எட்டிப் படித்தேன்.

‘நான் இவருடைய சித்தி மகள். தங்கை முறை. நாங்கள் ஜோடி இல்லை. அக்கா எந்தத் தாளிலும் பொய் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை நான் கிளம்பிவிடுகிறேன்.’

என் அம்மாவுக்குத் தங்கையே கிடையாது.

“அடிப்பாவி, என்னடி எழுதி வச்சிருக்க?”

“வேற என்ன எழுதுறது? உன்னப் புடிச்சு உள்ள வச்சுட்டா எனக்கு இங்க என்ன வேலை?”

“அதுக்கு? கிளம்பிடுவியா நீ?”

“நீ மட்டும்? கேஸ் போட்டுக்கோன்னு எழுதிக் குடுத்திருக்க. பெரிய தியாகி!”

வீட்டுக்காரரிடம், டாக்டரிடம், பக்கத்து வீட்டில், ஒன்பது வருடமாக ஒரே பொய்யை ஒரே வாயாகச் சொன்னவர்கள் நாங்கள். இன்றைக்குப் பார்த்துத்தானா ஆளுக்கு ஒன்றாக எழுதித் தொலைக்க வேண்டும்?

சத்தம் கேட்டுக் காவலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அதிகாரி கையைக் காட்டி அவரை அனுப்பினாள். இரண்டு தாள்களையும் எடுத்து மாற்றி மாற்றிப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“ரெண்டும் முரணா இருக்கு. முரணா இருந்தா மறுவிசாரணை வைக்கணும். அது முடியுற வரைக்கும் யாரையும் வெளியேத்த முடியாது.”

சண்டையின் மும்முரத்தில் அது எங்கள் மண்டையில் உடனே ஏறவில்லை.

இழுப்பறையிலிருந்து தடியான டைரி ஒன்றை எடுத்து, விசாரணைக்கு நாள் பார்க்கத் தொடங்கினாள். இந்த வாரத்தைப் புரட்டினாள். அடுத்த வாரம். அடுத்த மாதம். அதற்கும் அடுத்த மாதம். ஒவ்வொரு பக்கத்துக்கும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே போனாள்.

“இதுக்கு முன்னாடி ஒரு நாள்கூடக் காலி இல்ல” என்று சொல்லி, ஒரு தேதியில் எங்கள் இருவர் பெயரையும் எழுதினாள்.

சட்டம் அமலுக்கு வந்து நான்காம் நாள்.

“அம்புட்டு நாளா? இந்த ஆபீஸ்ல எல்லாமே இழுவைதான்” என்று குட்டச்சி வாய்க்குள் முனகினாள். மேசைக்கடியில் அவள் காலை நன்றாக மிதித்தேன்.

அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து டைரி தெரியாது. எனக்குத் தெரிந்தது, தலைகீழாக. தலைகீழாக இருந்தாலும் இப்போது எனக்கு வாசிக்க வரும்.

புரட்டிய பக்கங்களில் வாசிக்க ஒன்றுமே இல்லை.