ஐந்து தவறான எண்கள்

மகளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் தணிகாசலம் வாசல் பூட்டைப் பார்க்க ஆளை வரவழைத்தார். எண்ணை அழுத்தினால் திறக்கும் பூட்டு அது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மனைவி மரகதத்தைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பியபோது, சரியான எண்ணைப் போட்டும் திறக்கவில்லை. இருவரும் முக்கால் மணி நேரம் வெளியிலேயே நின்றார்கள்.

மெக்கானிக் பர்வேஸ் பூட்டுச் செயலியின் பதிவுகளை லேப்டாப்பில் இறக்கினான்.

"பூட்டு நல்லாத்தான் இருக்கு சார். அன்னிக்கு நாலே காலுக்கு யாரோ வந்து அஞ்சு தடவ தப்பு நம்பர் போட்டிருக்காங்க. அஞ்சு தப்பானா ஒரு மணி நேரம் தானா இறுகிக்கும். பாருங்க."

தணிகாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் எண் மகள் சுகந்தியின் பிறந்தநாள். அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போன அன்றே அவர் மாற்றிவிட்ட பழைய எண். அடுத்தது மரகதத்தின் பிறந்தநாள். பிறகு அவர்களுடைய கல்யாண நாள். பிறகு அவருடைய பிறந்தநாள். கடைசியாக, மறுபடியும் சுகந்தியுடையதே.

அந்த வியாழனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் விபத்து. "பெத்தவங்கள ஒரு தடவ எட்டிப் பாத்தாளா?" என்று பிணத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டுகூட அவர் கேட்டிருந்தார்.

"திருட்டுப் பயலா இருக்கும். நம்பர மாத்திடலாமா சார்?"

மரகதம் அடுக்களையிலிருந்து காபியோடு வந்தாள். "என்னவாம்ங்க?"

தணிகாசலம் உள்ளங்கையை விரித்துத் திரையை மூடினார்.

"பேட்டரிதானாம்."