டெரிக்கின் அப்பா

டெரிக்கின் பிரேதப் பெட்டி லொறியின் பின்தட்டில் இருந்தது. கஸ்பர் ஓட்டினான். பக்கத்து ஆசனத்தில் டெரிக்கின் மனைவி பியற்றிஸ்.

கறுப்புக் கார் வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான்.

"இந்த லொறிக்குக் கீழைதான் அந்த மனுசன் பாதி நாள் கிடந்தவர். இதிலையே போகட்டும்."

தொண்ணூற்று நான்காம் ஆண்டு மாசிக் குளிர். லண்டன் மோர்டன் தெருவில் சனம் நின்று பார்த்தது. பின்னால் டெரிக்கின் கார்க் கிளப்காரர்களின் ஹொட் ரொட் கார்கள் வரிசையாக வந்தன. கூரையை வெட்டித் தாழ்த்திய பழைய ஃபோர்டுகள், பக்கமெல்லாம் தீச்சுவாலை தீட்டிய வான்கள். தெருவை அதிர வைக்கிற எஞ்சின்கள் இன்று அடக்கமாக முனகிக்கொண்டு வந்தன.

கஸ்பர் டெரிக்கை முதலில் கண்டது மாதா கோயில் வாசலில். அவன் லண்டனுக்கு வந்த புதிது. யாழ்ப்பாணத்திலிருந்து தாதி வேலைக்கு வந்து ஒரு வெள்ளைக்காரனை மணந்தவள் பியற்றிஸ் என்று கோயிலில் எல்லோருக்கும் தெரியும். அவள் பூசைக்குப் போய்விட, டெரிக் வெளியே தன் காரில் சாய்ந்து நிற்பார். கஸ்பரும் ஒருநாள் பூசையை மறந்து அந்தக் காரின் எஞ்சினுக்குள் தலையை விட்டான். அதன்பிறகு அவனுடைய ஞாயிறுகளெல்லாம் டெரிக்கின் கராஜில்தான்.

கென்ட் பக்கத்துப் பண்ணை ஒன்றில் கோழி அடைக்கக் கிடந்த இந்த பெட்போட் லொறியை இருவரும்தான் இழுத்து வந்தார்கள். அன்றைக்குக் கஸ்பரால் வாயை மூட முடியவில்லை. தன் அப்பாவும் மன்னாரில் இதே பெட்போட் வைத்திருந்தார், இதே மூக்கு, இதே விளக்கு, கருவாடு ஏற்றிக்கொண்டு கொழும்புவரை போவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

டெரிக் வெகுநேரம் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு, தன் அப்பா இந்த லொறிகள் செய்த டன்ஸ்டபிள் தொழிற்சாலையில் கதவு பொருத்துகிற வேலை செய்தவர் என்றார். யார் கண்டது, உன் அப்பாவின் லொறிக் கதவையும் அவரே பொருத்தியிருக்கலாம்.

கஸ்பர் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டான்.

லொறியைத் தாழ்த்தினார்கள். எட்டுச் சிலிண்டர் எஞ்சின் வைத்தார்கள். கதவுகளில் மட்டும் யாரையும் கை வைக்க டெரிக் விடவில்லை. கண்காட்சிகளில் யாராவது லொறியைப் பற்றி விசாரித்தால், இது எங்கள் அப்பாமாருடைய லொறி என்பார்.

இப்போது கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்த பியற்றிஸைத் தேற்ற, கஸ்பருக்கு அதுதான் வாயில் வந்தது.

"கவலைப்படாதைங்கோ அக்கா. அவரின்ரை அப்பா பொருத்தின கதவு ரெண்டு பக்கமும் இருக்கு. அவர் தனியப் போகேல்லை."

பியற்றிஸ் திரும்பினாள்.

"எந்த அப்பா?"

"டெரிக்கின்ரை அப்பா. டன்ஸ்டபிளிலை வேலை செய்தவர்."

"அவருக்கு ஏது தம்பி அப்பா? அநாதை இல்லத்திலை வளர்ந்த மனுசன். எங்கட கலியாணத்துக்கும் அவரின்ரை பக்கத்திலை வந்து நிக்க ஒருத்தரும் இல்லை. உமக்குச் சொல்லேல்லையோ?"

சிவப்பு விளக்கு விழுந்தது. கஸ்பர் பிரேக்கை மிதித்தான். பின்னால் பெட்டி லேசாக அசைந்து நின்றது.

அவள் கோபப்படவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். பிறகு, கேட்கக்கூடாததைக் கேட்பவள் போல மெல்லக் கேட்டாள்.

"அந்த அப்பா எப்பிடிப்பட்டவர் எண்டு சொன்னவர்?"

டெரிக் அதற்குமேல் எதுவும் சொன்னதில்லை. கேட்டால் ஸ்பானரை எடுத்துக்கொண்டு லொறிக்கு அடியில் போய்விடுவார்.

ஆனால் பியற்றிஸ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

"நல்ல உயரமாம். இடது கால் கொஞ்சம் இழுக்குமாம். கோவம் வந்தால் கதைக்கமாட்டாராம், விசில் அடிப்பாராம். வீட்டிலை எல்லாரும் அந்த விசிலுக்குத்தான் பயமாம்."

பியற்றிஸ் சிரித்தாள். டெரிக் இறந்த பிறகு அவள் சிரித்ததை அவன் இப்போதுதான் பார்த்தான்.

"பிறகு?"

"சாப்பிடேக்கை முதல் பிடி பிள்ளையளுக்குத்தானாம். ஆர் கடைசியா வந்தாலும், வந்த பிள்ளைக்கு ஒரு பிடி வைச்சிருப்பாராம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூரத்தில் சவக்காலையின் வாசல் தெரிந்தது. பாதிரியார் குடையோடு நின்றார்.

"அவரை எங்கையாம் அடக்கம் செய்தது?"

இதற்குக் கஸ்பரால் எதையும் இட்டுக்கட்ட முடியவில்லை. லண்டனில் அவன் யாருக்கும் சொல்லாதது இது ஒன்றுதான். டெரிக்குக்குக்கூடச் சொன்னதில்லை.

"தெரியாது அக்கா. எண்பத்தஞ்சிலை ஒருநாள் காலமை, வவுனியாவுக்குப் போயிட்டு வாறன் எண்டு லொறியை எடுத்தவர். ஆளும் வரேல்லை, லொறியும் வரேல்லை."

கைப்பையைப் பிடித்திருந்த பியற்றிஸின் கை மெல்லத் தளர்ந்தது.

வாசல் கிட்ட வந்தது. கஸ்பர் திரும்புவதற்கு விளக்கைப் போட்டான்.

"திரும்பாதையும் தம்பி," என்றாள் அவள். "இன்னும் ஒருக்கால் சுத்திக்கொண்டு வருவம். உம்மடை அப்பாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லும். இந்த மனுசனும் கேக்கட்டும்."

கஸ்பர் விளக்கை அணைத்தான். பாதிரியார் திகைத்துப் பார்க்க, லொறி அவரைக் கடந்து நேரே போனது. பின்னால் வந்த கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக வாசலைத் தாண்டின.