அம்மாவுக்கு ஊட்டி கேக்குது

"அப்பா போய் எட்டு மாசம்கூட ஆகலைண்ணா. அதுக்குள்ள அம்மாவுக்கு ஊட்டி கேக்குது."

பெங்களூர்ல இருந்து சந்தோஷ்குமார் போன்ல பொரிஞ்சு தள்ளினான். திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுல செல்போன் கடை வெச்சிருக்கற எனக்கு எதுக்கு இந்தத் திட்டுன்னா, அவங்கம்மா வசந்தாமணிக்குப் போன் கொடுத்தது நான்தான்.

சுடர் கம்பெனி போன். ஒரு காலத்துல போர்வெல் போடற ரிக் வண்டி டிரைவர் அத்தனை பேர் சட்டைப்பையிலயும் சுடர் டார்ச் போன்தான். அப்புறம் பெரிய கம்பெனிங்க வந்து அடிச்ச அடியில இருந்த இடம் தெரியாமப் போச்சு. கடை வாசல்ல இருந்த சுடர் போர்டை மட்டும் நான் கழட்டலை. போன வருஷம் மலிவு ஸ்மார்ட்போனோட திரும்பி வந்தாங்க. 'தமிழ் தெரிஞ்ச போன்'னு விளம்பரம். நாம பேசினா அதுவே எழுதிக்குமாம்.

அப்பா காரியம் முடிஞ்ச கையோட சந்தோஷ்தான் எங்கிட்ட வாங்கி அம்மாவுக்குக் கொடுத்துட்டுப் போனான். "எப்பவும் மீட்டிங்ல இருப்பேண்ணா. அம்மாவை மெசேஜ் போடச் சொல்லுங்க."

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா. மைக்கை அழுத்திப் பேசறதுக்கு நான்தான் பழக்கி விட்டேன்.

"அம்மா என்ன அனுப்புதுன்னு நீங்களே பாருங்கண்ணா."

படம் பிடிச்சு அனுப்பியிருந்தான். ஞாயித்துக்கிழமை தவறாம ஒரே வரி.

'சாமி, ஊட்டிக்கு எப்ப வாரே?'

ஒவ்வொண்ணுக்கும் பதிலா இவன் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தான்.

எனக்கும் எரிச்சலாத்தான் இருந்துச்சு. "வீடியோ பார்த்துப் பார்த்து ஆசை வந்திருக்கும் தம்பி"ன்னேன்.

"எனக்கு லீவு இல்லைண்ணா. டூர் வேன்ல ஒரு சீட்டுப் போட்டு விடுங்க. பார்த்துட்டு வந்தா இந்தத் தொல்லை விடும்."

கூப்பிட்டுச் சொன்னதும் வசந்தாமணியம்மா முழிச்சாங்க.

"ஊட்டிக்குங்களா? பையன் அங்க வாரானுங்களா?"

வேன் ஏத்தி விட்டாப் போதும்னு இருந்தேன். "வந்தாலும் வருவாருங்க."

நாலாம் நாள் கடைக்கு வந்தாங்க. தலையில துண்டு, இருமல். கையில இருந்த தூக்குப்போசியை மேசை மேல வெச்சாங்க.

"வெல்லம் போட்ட கச்சாயமுங்க தம்பி. பையனுக்குப் புடிக்கும்னு சுட்டுக் கொண்டு போனேன். அவன் வரலீங்க. நீங்க சாப்பிடுங்க."

"ஊட்டி எப்படிங்கம்மா இருந்துச்சு?"

"குளிருதுங்க. என்னைய எதுக்கு அங்க போகச் சொன்னான்னுதான் தெரியலீங்க."

"வாராவாரம் நீங்கதானே கேட்டீங்க?"

"நான் எங்கீங்க ஊட்டியக் கேட்டேன்? தோட்டத்துல நானும் நாயுந்தான். பேச ஆளில்லீங்க. அதனால கேக்கறது ஒண்ணே ஒண்ணுதானுங்க. அவனும் கட்டைவிரலைக் காட்டினான். வாரேன்னுதான் சொல்றானாட்ட இருக்குதுன்னு இருந்தேன்."

போனை எடுத்தாங்க. நான் பழக்கி விட்ட மாதிரியே மைக்கை அழுத்தினாங்க.

"சாமி, ஊட்டுக்கு எப்ப வாரே?"

திரையில எழுத்து ஓடுச்சு. 'சாமி, ஊட்டிக்கு எப்ப வாரே?'

வீட்டை ஊடுன்னு சொல்ற ஊர்ல இருபது வருஷமாக் கடை வெச்சிருக்கேன். எனக்கே உறைக்கலையே. எங்கியோ செஞ்ச போனை என்ன சொல்லி என்ன?

அப்பவே சந்தோஷுக்குப் போன் போட்டேன். நல்லவேளை, எடுத்தான்.

"என்னண்ணா, மறுபடியும் மெசேஜ் வந்திருக்கு. இன்னொருக்கா ஊட்டிக்குப் போகணுமாமா?"

"அந்த ஊட்டுலதானே தம்பி நீ பொறந்தே?"